பெற்றோல் குடிக்க மறுத்த கார்

இன்று காலை மாங்குளத்தில் என் கார் பெற்றோல் குடிக்க மறுத்தது. கால் லீற்றர் போனதும் பம்ப் 'டக்' என்று நின்றுவிடும்.

"அண்ணை, தாங்கி நிரம்பீட்டுது" என்றார் பெற்றோல் அடித்தவர்.

ஆனால் பெற்றோல் காட்டும் முள் அடியில் கிடந்தது. நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியை வவுனியா கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்துக் கராச்சுக்கு விட்டேன்.

மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தார்.

"பெற்றோல் உள்ள போனா, காத்து வெளியில வரோணும். அது வாற ரியூப்புக்குள்ள குளவி மண்கூடு கட்டியிருக்கு. ஒரு கம்பியால குத்தினாச் சரி."

பின்சீற்றில் மனைவியோடு இருந்த மாமி இறங்கினார்.

"குத்தாதேங்கோ தம்பி! பிள்ளை பிறக்கப்போற வீட்டிலதான் குளவி கூடு கட்டும். அதை உடைக்கக் கூடாது."

"இது வீடில்லையம்மா, கார்" என்றார் மெக்கானிக்.

"பிள்ளைத்தாச்சி இதுக்குள்ளதானே இருக்கிறாள்?"

"அம்மா, நான் பஸ்ஸில போறன்" என்றாள் மனைவி.

மெக்கானிக் கூடு உடையாமல் அந்த ரியூப்பை முழுதாகக் கழற்றி, புதிது ஒன்றைப் பூட்டினார். திரும்பப் போய்ப் பெற்றோல் அடித்தபோது ஒரே மூச்சில் தாங்கி நிரம்பியது.

பழைய ரியூப்பை ஒரு துவாயில் சுற்றி, மாமி மடியில் வைத்துக்கொண்டு வவுனியா வரை வந்தார். யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு நான் மிக மெதுவாக ஓட்டினேன்.

மனைவிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம், கிளினிக்கில் சொன்னார்கள். குளவிக்கு எத்தனை நாள் என்று தெரிந்தவர்கள் உடனே எழுதவும். திரும்பிப் போவதும் இதே காரில்தான்.