சவுக்குத் தோப்பில் கிடைத்த நிதானம்

காலின்மேல் சவுக்கு மரம் விழுந்து நான் கிடந்தபோது, தீ இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

என் பெயர் சவரிமுத்து. தனுஷ்கோடிப் புயலில் என் மீன்பிடி வள்ளம் போனபின், தேவிபட்டினம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் தீக்காவல் வேலைக்குச் சேர்ந்தேன். புயல் சாய்த்த மரங்கள் தோப்பெங்கும் காய்ந்து கிடந்தன. தீ பிடித்தால் நிற்காது. அவற்றை அறுத்து ஒதுக்க, பல் வைத்த சங்கிலி சுழலும் ஒரு மோட்டார் ரம்பம் வந்தது. அதைப் பழக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்து ஒரு வாரம் தங்கினார்.

முதல் நாள் அவர் ரம்பத்தை ஓட்டவே விடவில்லை. “மரத்தைச் சுத்தி வந்து பாருங்க. எந்தப் பக்கம் அமுங்கி இருக்கு, எந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு இருக்குன்னு தெரியணும். தப்பி ஓடுற வழியைச் செதுக்கி வச்சுட்டுத்தான் சங்கிலி மரத்துல படணும்” என்றார். கடலில் வளர்ந்த எனக்கு அது பயந்தவன் பேச்சாகப் பட்டது.

இருவர் இருவராகப் பழகச் சொன்னார். என் ஜோடி முனியாண்டி. பரமக்குடிப் பக்கம் விவசாயக் கூலி. மழை பொய்த்ததால் வேலை தேடி வந்தவர். அவர் முறை வரும்போதெல்லாம், “நான் பாத்துக்கிறேன், நீ கிளையை இழு” என்று சொல்லி ரம்பத்தை நானே வைத்துக்கொண்டேன். அதைப் பிடித்தவனுக்குத் தோப்பில் ஒரு மரியாதை இருந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லை.

பங்குனியில் ஒரு மதியம் கடலோரமாகத் தீ பிடித்தது. தீத்தடுப்புக் கோடு போடும் வழியில் கிடந்த மரங்களை அறுக்க எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். வில்லாக வளைந்து கிடந்த ஒரு மரத்தை நான் சுற்றிப் பார்க்கவில்லை. வழியும் செதுக்கவில்லை. சங்கிலி பாதி இறங்கியதும் மரம் பிளந்து என்னைத் தள்ளி, வலது காலின்மேல் விழுந்தது. ரம்பம் எகிறிப் போய் விழுந்து நின்றுவிட்டது.

முனியாண்டி மரத்தைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

“மாதாவே, காத்தைத் திருப்பி விடுங்க தாயே” என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். காற்று திரும்பவில்லை. புகை முகத்துக்கு வந்தது. கடைசியில், “சேசுவே, உம்ம சித்தம்” என்று மட்டும் சொன்னேன். அப்போது என் நடுக்கம் நின்றது. வலி இருந்தது, பயம் இல்லை. மதுரைக்காரர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாக நினைவுக்கு வந்தது. அந்த நிதானம் என்னுடையதல்ல.

“முனியாண்டி, ரம்பத்தை எடு.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணே.”

“நான் சொல்றேன். முதல்ல என் கால்கிட்ட, மரத்துக்கு அடியில ஒரு கட்டையை முட்டாக் குடு. பிறகு ரம்பத்தைத் தரையில வச்சு, மிதிச்சுக்கிட்டுக் கயித்தை இழு.”

மூன்றாவது இழுப்பில் எந்திரம் பிடித்தது.

“கட்டைக்கு அங்கிட்டு, மரத்தோட தலைப்பக்கம். மேல கொஞ்சம் அறு. போதும். இப்ப அடியிலருந்து மேல வா. நேரா நிக்காத, தள்ளி நில்லு.”

நான் சொன்னதற்குமேல் அவர் ஒரு விரல் அளவும் அறுக்கவில்லை. தலைப்பகுதி தனியாக விழுந்தது. மிச்சத்தைப் புரட்டிவிட்டு, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப்பாதைவரை நடந்தார். அங்கே மற்றவர்கள் தீயை நிறுத்தினார்கள்.

இராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடந்தபோது முனியாண்டி பார்க்க வந்தார்.

“உன்னைப் பழக விடாம வச்சிருந்தது நான்தான். மன்னிச்சுக்கப்பா” என்றேன்.

“தெரியும்ணே” என்றார். “நல்லாகி வாங்க. இனிமே எனக்கும் முறை குடுங்க.”

கொடுத்தேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே பழக்குகிறோம். நான் நொண்டித்தான் நடக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை.

சகோதர சகோதரிகளே, கேட்டது கேட்டபடி வராமல் போகலாம். அதற்காக ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். ஆண்டவர் வேறு கையால் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். என் பிள்ளைகள் தகப்பனைத் தேடி “அய்யா” என்று கூப்பிட்டால், பதில் சொல்ல இன்று நான் இருக்கிறேன்.