அரம் போட்ட கார்டு

மானிட்டரின் தலையில் உள்ளங்கையால் இரண்டு போடு போடுகிறார் லட்சுமணசாமி. கணபதியில் அவருடைய பம்ப் ஒர்க்‌ஷாப் திறந்ததும் நடக்கிற முதல் வேலை இது. "மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்ட உக்காந்துட்டிருக்குது பாரு!" திரையில் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரின் படம் கோடு கோடாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து கோடு கோடாக வரும். அதில் பம்ப் பாகங்களுக்குப் படம் வரைகிற மெர்சி அதுவரை கழுத்தைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கோபம் இல்லாமல் லட்சுமணசாமி டீகூடக் குடித்ததில்லை. ஆறியிருந்தால் ஆறினதற்குக் கோபம், சுட்டால் சுட்டதற்குக் கோபம். தமிழில் திட்டும்வரை லேத் ஆட்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். வீட்டுத் தெலுங்கு வாயில் வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கொரு மூலையாக நகர்ந்துவிடுவார்கள். எதையும் தூக்கிப்போடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டுவார். தேய்ந்த ஷாஃப்டுக்கு வெல்டிங் வைத்துக் கடைவார். பொருந்தாத பாகத்தை அரத்தால் ராவிப் பொருத்துவார். கோயமுத்தூரில் பாதிப் பட்டறை இப்படித்தான் ஓடுகிறது.

அப்பேர்ப்பட்டவரிடம், தொண்ணூற்றாறில் வாங்கிய கம்ப்யூட்டரைத் தொண்ணூற்றொன்பதில் 'பழசு' என்றால் எப்படியிருக்கும்? சொன்னவர் நூறடி ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வெங்கடபதி. "மெஷினையே மாத்திப்போடுங்க சார், நிம்மதியா இருக்கலாம்."

"எங்கப்பா வாங்குன லேத்து இன்னும் ஓடுதுங்க. மூணு வருசத்துல கெட்டுப்போறதுக்கு இதென்ன ஊறுகாயுங்களா?" என்று கத்திவிட்டு வந்தவர், அப்புறம் அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மெர்சி சொன்னது வேறு. "மெஷினெல்லாம் மாத்த வேண்டாமுங்க சார். டிஸ்ப்ளே கார்டு ஒண்ணு நல்லதாப் போட்டாப் போதும். படம் திரைக்கு வர்றதுதான் லேட்டாகுதுங்க." ஆடியில் சொன்னாள். "பாக்கலாம் அம்மணி" என்றார். தை பிறந்த பிறகும் அதே "பாக்கலாம்"தான். மாசி தொடங்கியதும் ஒரு காலையில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "சரவணம்பட்டில ஒரு கம்பெனில கூப்பிடறாங்க சார். இந்த மாசத்தோட நின்னுக்கறேனுங்க."

"போ, போ! எல்லாரும் போங்க!" என்று கத்தினார். மெர்சி வருவதற்கு முன்னால் ஒரு படத்தில் துளை இடம் மாறிப்போய், பெருந்துறையில் வார்த்த காஸ்டிங் அத்தனையும் திரும்பி வந்து உலைக்குப் போனது அவருக்கு மறந்துவிடுமா? அவள் வந்ததிலிருந்து ஒரு உருப்படி திரும்பவில்லை. அவள் போனால் பட்டறையே படுத்துவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை வாய்விட்டு அவளிடம் சொல்லத் தெரியவில்லை, அதுதான் கோபமாக வந்தது.

மறுநாளே கார்டு வாங்கக் கிளம்பிவிட்டார். எந்தக் கார்டு என்று மெர்சியிடம் கேட்டாரா? கேட்பாரா! முதலாளி போய் வேலைக்கு இருக்கிற பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வாங்குவதாவது! டவுன்ஹால் பக்கம் முன்பின் தெரியாத ஒரு கடையில் நுழைந்து, பம்ப் வாங்குகிறவர்போல, "இருக்கறதுலயே பவர் சாஸ்தியானது எதுங்க?" என்று கேட்டு அதையே வாங்கிவந்தார். மெர்சி சாப்பிடப் போயிருந்த நேரம், கம்ப்யூட்டர் பெட்டியைத் தானே திறந்தார். கார்டு உட்காரவில்லை. புது மெஷின்களுக்கென்று வந்த கார்டு அது. அது உட்காரும் இடமே இவருடைய மெஷினில் இல்லை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோயிருப்பான். லட்சுமணசாமி கார்டைத் துணி சுற்றி, இரும்பைப் பிடிக்கிற வைஸில் வைத்து இறுக்கினார். சின்ன அரமாகப் பார்த்து எடுத்தார்.

மெர்சி டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தபோது கார்டின் ஓரத்திலிருந்த மஞ்சள் உலோகப் பற்கள் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன.

"ஐயோ, என்ன சார் பண்றீங்க?"

"உக்கார மாட்டேங்குது. ரவையா ராவிப்போட்டா உக்காந்துக்கும்."

"அந்தப் பல்லுலதானுங்க கரெண்டே போகுது! இது நம்ம மெஷினுக்கே ஆகாதுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?" அவள் குரல் உயர்ந்து அந்தப் பட்டறை கேட்டதில்லை. "தினமும் இதுக்கு முன்னால உக்காந்து கழுத்து நோகறவ நானுங்க. அவளைக் கேக்கோணுமின்னு உங்களுக்குத் தோணவே தோணாதுங்களா?"

லேத் நின்றது. ஆட்கள் தெலுங்கை எதிர்பார்த்து மூலைக்கு நகர்ந்தார்கள். லட்சுமணசாமியின் முகம் சிவந்தது, ஆனால் தெலுங்கு வரவில்லை. அரத்தை விசிறியடித்தார்.

"ஆமா, கேக்கல! தப்புத்தான்! கேக்காமப்போனது தப்புத்தான், போதுமா?" மன்னிப்பைக்கூட அவர் சண்டை போடுகிற குரலில்தான் கேட்டார். "உன்ற வண்டிய எடு!"

கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மெர்சியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தார். கணபதியில் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டே போனார்.

வண்டி வெங்கடபதி கடை முன்னால் நின்றது. "அட, வாங்க சார், வாங்க!" வெங்கடபதி பரபரவென்று நாற்காலியைத் துடைத்து அவர் முன்னால் போட்டார். "சொல்லுங்க சார், மெஷினையே மாத்திரலாமுங்களா?"

"ஏனுங்க, என்ற மூஞ்சியப் பாத்தா கம்ப்யூட்டர் தெரிஞ்ச மூஞ்சியாட்டவா இருக்குது?" என்று கத்தினார் லட்சுமணசாமி. நாற்காலியைக் காலால் மெர்சி பக்கம் தள்ளினார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.