நிவேதா காதைப் பிடித்தாள்

ஒரு குழந்தை 'வேண்டாம்' என்று சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாதவள் போல் நடித்தேன். அதற்குக் கைதட்டலும் வாங்கினேன்.

குற்றம் இவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அதன் விவரம். விவரம் வேண்டாம் என்றால் நீங்கள் இங்கேயே எழுந்து போகலாம். ஆனால் போகமாட்டீர்கள்... அடுத்தவள் அசிங்கத்தைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் பயிற்சி மையத்தில் பதினான்கு வருடமாக வேலை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள் வருவார்கள். காலையில் புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து நான் இறங்கினால் டீக்கடைக்காரர் கூட எழுந்து வணக்கம் சொல்வார். பொறுமைசாலி என்பார்கள், தெய்வம் மாதிரி என்பார்கள். நானும் மறுத்ததில்லை. தெய்வமாக இருப்பது சுலபமான வேலை. எதிரே இருப்பவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

நிவேதா வாய் திறக்காதவள். ஒன்பது வயது. அவள் அம்மா ரேவதி முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். என்னைவிட மூன்று வயதுதான் இளையவள். அவள் என்னை 'வாங்க, போங்க' என்பாள். நான் அவளை 'நீ' என்பேன். இது யாருக்கும் தவறாகப் பட்டதில்லை, எனக்கும் பட்டதில்லை.

நிவேதாவுக்குப் பேச்சு இல்லையே தவிர, ஒரு சைகை இருந்தது. மூன்று வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். இடது காது முடிந்து வலது காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தபோது, பிள்ளை அழாமல், குத்திய இடது காதை இறுகப் பிடித்துக்கொண்டதாம். அன்றிலிருந்து பிடிக்காத எதற்கும் இடது காதைப் பிடிப்பாள். சோறு போதும் என்றால் காது. தலை சீவ வேண்டாம் என்றால் காது. யாராவது தூக்க வந்தால் காது.

ரேவதிக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வகுப்பு இல்லை, சான்றிதழ் இல்லை. ஒரு வருடம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். மையத்தில் சேர்த்த முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"அவ காதப் புடிச்சா வேணாம்னு அர்த்தம் டீச்சர். நம்ம நிறுத்திட்டா கைய எடுத்துருவா. அதுக்கு மேல அடம் பண்ண மாட்டா."

பிள்ளை எந்த வழியில் சொல்கிறதோ, அந்த வழியை முதலில் பிடித்துக்கொள் என்பதுதான் எங்கள் படிப்பின் முதல் பாடம். பரீட்சையில் அதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். ரேவதி அதை வாழ்ந்து காட்டினாள். நான் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டேன்.

பிறகு மித்து வந்தது.

சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி கொடுத்த ரோபோ. இரண்டு வயதுப் பிள்ளை உயரம், வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, நீல வெளிச்சக் கண்கள். வலது உள்ளங்கை பச்சையாக எரியும், இடது உள்ளங்கை சிவப்பாக எரியும். வேண்டும் என்றால் பச்சையைத் தொட வேண்டும், வேண்டாம் என்றால் சிவப்பு. சிவப்பைத் தொட்டால், "சரி, நிறுத்திவிடலாம்" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்லும்.

ரோபோவின் மேல் பழி போட்டுத் தப்பிக்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அது நல்ல பொருள். மனிதர் முகத்தைப் பார்க்கக் கூசிய இரண்டு பிள்ளைகள் அதன் முகத்தைப் பார்த்தார்கள், பச்சையைத் தொட்டுப் பாட்டுக் கேட்டார்கள். அது ஒருநாளும் கோபப்படவில்லை, பொய் சொல்லவில்லை. அந்த அறையில் அப்படி இருந்தது அது ஒன்றுதான்.

சொல்லிக்கொடுக்க வந்த பொறியாளர் சின்னப் பெண். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"பிள்ளைங்க ஏற்கெனவே ஏதாவது சைகை பண்ணுவாங்களா மேடம்? சொன்னீங்கன்னா அதையும் மித்துவுக்குப் பழக்கிடலாம்."

கேட்டாள். காதில் விழுந்தது. நிவேதா ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்...

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? வெட்கம்! ஆசாரி, மொட்டை, காதுகுத்து என்று ஒரு பட்டிக்காட்டுக் கதையை அந்தச் சென்னைப் பெண்ணிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினான்கு வருட அனுபவம் உள்ளவள், முந்திரிக்கொட்டை உடைக்கிறவளிடம் பாடம் கேட்டேன் என்று சொல்வதா? என் பவிசு என்ன ஆவது? தூ... இதைச் சொல்ல எனக்கே கேவலமாக இருக்கிறது. நீங்கள் முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்கள் வீட்டு வேலைக்காரி சொன்னதை எத்தனை முறை காதில் வாங்கியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவா?

மறுநாள் ரேவதியை நிறுத்திவைத்துச் சொன்னேன்.

"இங்க பாரு ரேவதி, இனிமே அவ காதப் புடிச்சா நீ விட்டுக்குடுக்காத. நீ நிறுத்துறதுனாலதான் அது கெட்ட பழக்கமா ஒட்டிக்கிச்சு. ரோபோ கையத் தொட்டாத்தான் நிறுத்தணும்."

"வீட்டுல ரோபோ இல்லையே டீச்சர்."

இதைவிட நியாயமான கேள்வியை என் அதிகாரிகள் கூடக் கேட்டதில்லை. வீட்டில் இதைத் தொட்டால் நிறுத்து என்று, ஒரு சிவப்பு அட்டையை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டியிருப்பதாகப் பிறகு சொன்னாள்.

நிவேதா ஒருநாளும் தானாகச் சிவப்பைத் தொடவில்லை. காதுக்குப் போகும் கையை நான் மணிக்கட்டில் பிடித்து இழுத்து, மித்துவின் கையில் வைத்து அழுத்துவேன். தொட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். யார் பலத்தில் அந்தக் கை வந்தது என்று மித்துவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பார்வையாளர்கள் வந்த நாளைச் சொல்கிறேன். கம்பெனிக்காரர்கள், அவர்களோடு போட்டோக்காரர், சால்வை, பூச்செண்டு. சின்ன அறையில் முப்பது பேர். மைக் வேறு கீச்சிட்டது. நிவேதாவை நடுவில், மித்துவின் எதிரே உட்காரவைத்தேன். ரேவதி வாசலில் நின்றாள், உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

நிவேதா காதைப் பிடித்தாள்.

இறுக்கிப் பிடித்தாள். மடல் வெளுத்துப்போனது. நேராக என்னைப் பார்த்தாள். யார் கண்ணையும் பார்க்காதவள், என்னைப் பார்த்தாள்! இதற்கு மேல் ஒரு குழந்தை எப்படிப் பேசும், சொல்லுங்கள்?

சால்வை போர்த்தியிருந்த பெரியவர் குனிந்து கேட்டார், "பாப்பா ஏன்மா காதப் புடிக்குது?"

"ரோபோ சொல்றதக் கவனமாக் கேக்குதுங்க சார்" என்றேன்.

முப்பது பேரும் கைதட்டினார்கள். நிவேதாவுக்கு உலகத்திலேயே தாங்கமுடியாத சத்தம் கைதட்டல்தான். அவள் பாவாடை நனைந்து, சிறுநீர் தரையில் ஓடியது. அதைத் தாண்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். படித்தவர்களுக்குக் கால் நனையாமல் நிற்கத் தெரியும்.

எல்லாரும் போனபின் ரேவதி தரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"பெரிய மனுசங்க முன்னாடி ஒங்க மானத்த வாங்கிட்டா டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க." கொஞ்சம் பொறுத்து, "கவனமாக் கேக்குறப்பவும் காதப் புடிப்பாளா டீச்சர்? நான் இத்தன வருசமா வேணாங்குறான்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றாள்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நீ நெனச்சதுதான் சரி ரேவதி." இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"ஒனக்கு என்ன தெரியும்? நாங்க படிச்சிட்டுத்தான சொல்றோம்" என்றேன்.

அவள் நம்பினாள். கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி பணிந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து நிவேதா சாப்பிடும்போது காதைப் பிடிக்க ஆரம்பித்தாள். வாயருகே கை போனாலே காது. ரேவதி விட்டுக்கொடுக்கவில்லை. நான் சொன்னபடி, ஒரு கையால் பிள்ளையின் கையைக் காதிலிருந்து எடுத்து, மறுகையால் ஊட்டினாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நான்காம் நாள் காலையில் கன்னம் வீங்கிக் கண் மூடிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். தெய்வம் ஆயிற்றே, போகாமல் இருக்குமா! டாக்டர் கேட்டார்.

"இவ்ளோ வீங்குற வரைக்கும் பிள்ள எதுவும் காட்டலையா?"

"காதப் புடிச்சுக்கிட்டே இருந்தாளுங்க சார்" என்றாள் ரேவதி. "அது ஒரு கெட்ட பழக்கமுங்க. விட வச்சுக்கிட்டு இருக்கோம்." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளை மாதிரி.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

டாக்டர் டார்ச் அடித்துக் காதைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. அதன்மேல்தான் மூன்று நாளாகச் சோறு விழுந்திருக்கிறது, பெற்றவள் கையால்.

பல்லைப் பிடுங்கினார்கள். வீக்கம் வடிந்தது. அதன்பிறகு நிவேதா காதைப் பிடிப்பதே இல்லை. அறிக்கையில் எழுதினேன்: 'காதைப் பிடிக்கும் பழக்கம் முற்றிலும் நின்றுவிட்டது.' முன்னேற்றம் என்ற தலைப்பின் கீழ் என் கையால் எழுதினேன். கம்பெனிக்காரர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். மித்து இப்போது திருமயம் பக்கம் வேறொரு மையத்தில் இருக்கிறது.

போன மாதம் ரேவதி வந்தாள். கையில் முந்திரிப் பழம் ஒரு பை, எனக்காம்.

"டீச்சர், அவ இப்ப எதையுமே வேணாங்குறதில்ல. போட்டதத் திங்குறா. யாரு கூப்புட்டாலும் அங்கிட்டுப் போயிடுறா. தெருவுல எல்லாரும் நல்ல புள்ளையாயிட்டாங்குறாக. எனக்குத்தான் பயந்து வருது. வயசுக்கு வரப்போற புள்ள. வேணாம்னா எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பெண் பிள்ளை. அதன் அர்த்தத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிவேதாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தது. நான் மறக்கடித்தேன்.

"ரோபோ திரும்ப வரட்டும் ரேவதி, பாத்துக்கலாம்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள். பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது தினமும் நிவேதாவின் எதிரே உட்கார்ந்து என் இடது காதைப் பிடித்துக் காட்டுகிறேன். "என்ன டீச்சர், தோப்புக்கரணமா?" என்று ஆயாம்மா சிரிக்கிறாள். நிவேதா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மதியம் நானே ஊட்டுகிறேன். வயிறு நிறைந்தது தெரிந்தபின்னும் ஒரு கவளம் கூடுதலாக உருட்டி, அவள் வாயருகே கொண்டுபோய் நிறுத்துகிறேன். அந்தக் கை காதுக்குப் போகாதா என்று காத்திருக்கிறேன்...

அவள் வாயைத் திறக்கிறாள்.