ரவூப் நானாவின் கடல் ஹோர்ன்

மாத்தளை டவுனில் ரவூப் நானாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. கலியாண வீடு, மீலாத் விழா, மாரியம்மன் கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எதுவானாலும் ஒலிபெருக்கி ஹோர்ன் கட்டுகிறவர் அவர்தான். கட்டி முடித்ததும் மைக்கை வாயருகே பிடித்து, "ஹலோ... ஹலோ... ஒண்டு, ரெண்டு, மூணு" என்று இழுத்துச் சொல்வார். மூன்றுக்குப் பிறகு ஒரு செருமல் வரும். அந்தச் செருமல் இல்லாமல் ஊரில் ஒரு நல்ல காரியமும் தொடங்கியதில்லை.

ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்த இந்த மனிதர் வீட்டில் வாய் திறப்பது அபூர்வம். மகள் ஹிதாயாவுக்குக் கற்பிட்டியில் மாப்பிள்ளை பேசி வந்தபோது மட்டும் திறந்தார். "கடலுக்குப் போறவனுக்கா குடுக்கப் போறோம்?" என்றார். எண்பத்தாறாம் வருஷம், சண்டைக் காலம் அது. மன்னார்ப் பக்கம் வழி மாறிப்போகிற போட்டுகள் எப்போதும் திரும்பி வருவதில்லை என்று பஸ்ஸில்கூடப் பேசிக்கொண்டார்கள். ஆனால் மனைவி றம்லாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அந்த வீட்டில் றம்லாவுக்குப் பிடித்தது நடக்கும்.

மாப்பிள்ளை ஸக்கரியா சொந்தமாக ஒரு மூன்றரைத் தொன் போட் வைத்திருந்த சின்னச் சம்மாட்டி. மாத்தளைக்கு வந்தால் கதிரையின் நுனியில்தான் உட்காருவான். மாமனாரும் மருமகனும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், அப்புறம் இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் தயங்கித் தயங்கி, "மாமா, போட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் வேணும்" என்றான். ரவூப் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படிப்பட்டது வேணும், சொல்லுங்க மருமகன்."

"எஞ்சின் இரைச்சலுக்கு மேலால கேக்கணும். உப்புத் தண்ணி பட்டாலும் செத்துப்போகக் கூடாது. பெட்டரியக் குடிச்சிரக் கூடாது. போட் வச்சிருக்கிற எல்லாரும் இதைத்தான் தேடுறாங்க மாமா. கடையில வாங்குறது எல்லாம் ஒரு பருவத்துக்கே காணாது." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு மைக்கும் இருந்தா நல்லம்" என்றான்.

"கடல்ல யாரோட பேசப் போறீங்க?"

ஸக்கரியா சிரித்து மழுப்பினான். காது மட்டும் சிவந்தது.

ரவூப் நானாவுக்குப் புது உயிர் வந்ததுபோல் ஆயிற்று. மகளைக் கடலோரம் அனுப்பிவிட்டு வாய் திறந்து சொல்ல முடியாமல் வைத்திருந்த பாசத்தையெல்லாம் கொட்டுவதற்கு ஒரு பெட்டி கிடைத்துவிட்டது. காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிப்போகும் என்று அதை ஒதுக்கினார். தன்னிடமிருந்ததிலேயே பெரிய காந்தமுள்ள ஹோர்னை எடுத்து, மூட்டுகளுக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து, இரும்பு ஆணி துருப்பிடிக்கும் என்று பித்தளை ஆணி முடுக்கினார். பிறகு றம்லாவின் உப்புப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை வாளியில் கடல் செய்தார். ஹோர்ன் அதில் முழுகி எழும்பியும் பாடியது. "கறிக்கு உப்பில்ல, உங்கட கடலுக்கு மட்டும் உப்பு" என்று றம்லா சத்தம் போட்டாள். பழுதானால் மாற்ற உதவும் என்று அதே மாதிரி இன்னொன்றும் செய்து கடை மேசையில் வைத்துக்கொண்டார்.

கொண்டுபோக வந்த மருமகனிடம் எங்கே பூட்டுவது என்பதையும் அவரே சொன்னார். ஹோர்ன் கட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு: ஆட்கள் எந்தப் பக்கம் பார்த்திருப்பார்களோ அங்கேதான் கட்ட வேண்டும்.

"ஓட்டுறவர் எதைப் பார்ப்பாரு?"

"காம்பஸைத்தான் மாமா."

"அப்ப அதுக்கு மேல பலகையில பூட்டுங்க."

ஸக்கரியா ஒரு கணம் வாயைத் திறந்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். "சரி மாமா" என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினான். மாமனார் சொல்லை மறுத்துப் பேசும் வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை.

ஒரு வாரம் போயிற்று. ஹஜ்ஜுக்குப் போய் வந்த மக்கீன் ஹாஜியார் ஒரு சாயந்தரம் கடைக்கு வந்து, தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் சின்ன முள்பெட்டி ஒன்றைப் பெருமையாக மேசையில் வைத்தார்.

"ஹாஜியார், இது டீக்கடையைக் காட்டுது" என்றார் ரவூப் நானா.

"மக்காவுல வாங்கினது! பிழை காட்டுமா?" ஹாஜியாருக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே முள் ஒழுங்காக நின்றது. மறுபடி மேசையில் வைத்தார். முள் திரும்பி, பக்கத்தில் இருந்த இரண்டாவது ஹோர்னைப் பார்த்து நின்றது.

ரவூப் நானா சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். காந்தம் காந்தத்தை இழுக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்கக் காந்தத்தோடு புழங்கிய அவருக்கு, ஹோர்னைக் காம்பஸுக்கு மேலே பூட்டச் சொன்னபோது மட்டும் அது தோன்றாமல் போயிற்று. கரை தெரியாத தண்ணீரில் அந்த ஒரு முள்ளை நம்பித்தானே போகிறார்கள்! அது பொய் சொன்னால் போட் எந்தப் பக்கம் போகும்? மன்னார்ப் பக்கம் போய்விட்டால்? தன் கையாலேயே மகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தந்தி அடிக்கலாம் என்றார் ஹாஜியார். "தந்தியைக் கண்டாலே மௌத்துச் செய்தி எண்டு பிள்ளை விழுந்திருவா" என்று ரவூப் நானா மறுத்துவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தார். குருநாகலில் மாறி, புத்தளத்தில் மாறி, வழியில் ஆமிக்காரர் இறக்கிய இடங்களில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, கற்பிட்டிக்குப் போய்ச் சேரப் பின்னேர அஸர் தொழுகையும் தாண்டிவிட்டது. வீடு பூட்டிக் கிடந்தது. நேரே கரைக்கு ஓடினார்.

ஹிதாயா மற்றப் பெண்களோடு மணலில் நின்றிருந்தாள். போட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஆட்கள் மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா! என்ன இது, சொல்லாமக் கொள்ளாம?"

"மருமகன் எங்க?"

"இன்னம் வரல்ல வாப்பா."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். நடந்ததை மகளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை தூரம் வந்தார். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடலில் மப்பு இறங்கி, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. மனசுக்குள் ஓதிக்கொண்டே அதையே பார்த்திருந்தார்.

"பயப்படாதீங்க வாப்பா" என்றாள் ஹிதாயா. அவளும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்கட போட் கண்ணுக்குத் தெரிய முந்திக் காதுக்குக் கேட்டுரும்."

அது அவர் காதில் ஏறவில்லை. பொழுது சாயத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஆட்களோடு போனார்கள்.

அப்போது மப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஹலோ... ஹலோ... ஒண்டு, ரெண்டு, மூணு."

பிறகு ஒரு செருமல்.

ரவூப் நானா எழுந்து நின்றுவிட்டார். சொன்னது அவரைப் போலவே இழுத்து இழுத்து, குரல் மட்டும் வேறு.

ஹிதாயாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "நான்தான் அவங்களுக்குச் சொன்னேன் வாப்பா. சின்ன வயசுல எங்க நிண்டாலும் இந்த ஹலோ கேட்டா, வாப்பா பக்கத்துலதான் இருக்கிறாங்க எண்டு எனக்குத் தெரியும் எண்டு. அதைக் கேட்டுட்டுத்தான் அவங்க உங்கட்ட மைக்கும் கேட்டு வாங்கினாங்க."

போட் கரை தட்டியது. எஞ்சின் கொஞ்சம் கோளாறு பண்ணியதால் சுணங்கிவிட்டதாம். ரவூப் நானா தண்ணீரில் இறங்கிப் போய் முதலில் சுக்கான் பக்கம் எட்டிப் பார்த்தார். காம்பஸுக்கு மேலே பலகை வெறுமையாக இருந்தது. ஓர் ஆணித் துளைகூட இல்லை. ஹோர்ன் காம்பஸுக்கு எட்டத்தில், போட்டின் பின் கோடியில், கரையைப் பார்த்துப் பூட்டியிருந்தது.

மாமனாரின் பார்வை போன இடத்தைப் பார்த்து ஸக்கரியாவுக்கு முகம் வாடிப்போயிற்று. தலையைச் சொறிந்தான்.

"குறை நினைக்காதீங்க மாமா. நீங்க சொன்ன இடத்துலதான் பூட்டப் பார்த்தேன். அந்தப் பலகை உக்கி உளுத்துப் போயிருந்திச்சு. அதான் பின்னுக்குக் கொண்டு போனேன்."

புத்தம் புதுப் பலகை. பெயின்ட்கூட மினுங்கிக்கொண்டிருந்தது. தான் சொன்னது பிழை என்று முதல் நாளே தெரிந்தும், தன் மனசு நோகக் கூடாதென்று இவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்பது ரவூப் நானாவுக்கு விளங்கியது. வழக்கமான செருமல்கூட வரவில்லை.

"ஓம் மகன்" என்றார். மருமகன் என்று சொல்ல வரவில்லை. "பலகை உக்கினா இடத்தை மாத்தத்தானே வேணும்."

அவன் கையிலிருந்த மீன் கூடையின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள்.