பொன்னம்மாளின் மரவரிசை தரிசு அன்று

சின்னசேலம்
16 ஜூன் 2025, திங்கட்கிழமை, காலை 10.20 மணி

பொருள்: கல்வராயன் மலை பொன்னம்மாள் மறைவு குறித்து

பொன்னம்மாளை அறிந்தவர்களுக்கு,

கடந்த 12ஆம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் 3.40க்கு அவர் மகன் ஏழுமலை தொலைபேசியில் அழைத்தார். அம்மா காலையில் காலமானார் என்றார். மலைப்பாதையை அகலப்படுத்தும் ஒப்பந்தக்காரர், அம்மா நட்ட மரங்களை வெட்டுவதற்காகப் பார்த்துச் சென்றதையும் அதே மூச்சில் சொன்னார்.

இரண்டு காட்டுத்துண்டுகளுக்கு நடுவே இருந்தது அவருடைய சாமைக் கொல்லை. அக்காடுகளில் வாழும் தேவாங்கு தாவாது, கிளை பற்றியே நகரும். கிளை அற்றால் தரையில் இறங்கும், நாயிடம் சிக்கும். அப்படிச் செத்த ஒன்றைப் புதைத்த ஆண்டில், கொல்லையின் மேல்விளிம்பை உழாமல் விட்டுப் புங்கனும் நாவலும் நட்டார். ஊரார் அவரையே தேவாங்கு என்றழைத்தனர். "இன்னா தேவாங்கு, எங்க கெளம்பிட்ட?" என்றவரிடம், "உன் வூட்டுக் கூரைக்குத்தான். மரத்த வெட்டிட்டா வேற எங்க போறது?" என்றார்.

8 ஆகஸ்ட் 2011, திங்கட்கிழமை, நில அளவராக அங்கே சென்றேன். உழாத நிலம் என்பதால் அவ்விளிம்பைக் கொல்லையிலிருந்து பிரித்து, ‘அரசுத் தரிசு’ என்று பதிந்தேன். படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். என்னை ஒரு புங்கமரத்தடிக்கு அழைத்துப் போனார். இலைகளுக்குள் கைப்பிடியளவு சாம்பல் உருண்டையாகத் தேவாங்கு உறங்கிக்கொண்டிருந்தது.

"சார், இதுங்கிட்ட தரிசுன்னு படிச்சுக் காட்டுங்க."

விதிமுறையைச் சொன்னேன். "நட்டது நானு, வளந்தது மரம். பின்ன இன்னா தரிசு?" என்றார். நான் திருத்தவில்லை. சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் என் வீட்டு வாசலில் நின்று, மாற்றியாயிற்றா என்று கேட்பார். ஓய்வு பெற்ற பிறகும் கேட்டார். ஒருமுறை கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை மலையேறினேன். ஒப்பந்தக்காரர் என் பதிவின் நகலை நீட்டி, "பெரியவரே, உங்க கையெழுத்துதானே?" என்றார். கையெழுத்தும் என்னுடையது, பிழையும் என்னுடையது, அதைக் காட்டி ஒரு கிளையையும் தொடவிடமாட்டேன் என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பொன்னம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, பதில் வரும்வரை வாசலை விட்டு நகராத அந்தப் பிடிவாதம். புதன்கிழமை, 18ஆம் தேதி, காலை 10 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்பேன். 9.45க்கே வந்துவிடுங்கள்.

இணைப்பு:
1. என் பிழையை ஒப்புக்கொள்ளும் மனுவின் நகல்.
2. ஒவ்வொரு மரமும் குறிக்கப்பட்ட புதிய வரைபடம்.
3. கையொப்பத் தாள். முதல் பெயர் என்னுடையது. கீழே இடம் விட்டிருக்கிறேன்.