அம்மா அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த அற்றோனித் தத்துவம்

சண்டை முடிந்துவிட்டதென்று பட்டணத்தில் வெடி கொளுத்திக் கொஞ்ச நாளில், அம்மாவுக்குக் குவைத்துக்குப் போக விசா வந்தது. வீட்டில் ஒருவரும் துள்ளவில்லை. சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டிலில் இருந்து இருந்து, நல்ல செய்தி வந்தாலும் அதற்காக எத்தனை கந்தோர் ஏற வேண்டும் என்றுதான் முதலில் நினைப்போம்.

இந்த முறை ஏறவேண்டியிருந்தது, காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோர். வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், எங்களுக்கு ஒரு வயல் இருந்தது. எங்கள் பகுதியில் காணியும் வீடும் பெண்வழியில்தான் இறங்கும். அது அம்மாவின் சீதன வயல். வெள்ளாமை செய்தது அப்பா. அவரிடம் அதுவரை யாரும் கடதாசி கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் அந்த வயல்வட்டை முழுவதும் பற்றைக்காடாகக் கிடந்தது. மறுபடி விதைக்கலாம் என்று போனால், விதைநெல்லும் உரமும் காணிக்காரரின் கையெழுத்துக்குத்தான் என்று கந்தோரில் சொன்னார்கள். காணிக்காரி குவைத்தில் இருக்கப்போகிறாள். அவளிடத்தில் நின்று கையெழுத்து வைக்க அப்பாவுக்கு அற்றோனித் தத்துவம் என்கிற அதிகாரப் பத்திரம் வேண்டும்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத ஆள், எல்லாவற்றையும் நானே விசாரித்தேன். கடலோடு போன காணி உறுதிப் பத்திரத்துக்குப் பதிவகத்தில் பிரதி எடுக்கவே செருப்புத் தேய்ந்தது.

அப்பாவுக்குத்தான் மனம் வரவில்லை. “கட்டின பொண்டாட்டிட வயல உழுறத்துக்கு எனக்கு இப்ப கடதாசி வேணுமாக்கும்.”

“நான் வெளிநாடு போறத்துக்கு உங்கட கையெழுத்துத்தான் ஏஜென்சிக்காரன் கேட்டவன். நான் ஏதும் கதைச்சனா?” என்றாள் அம்மா. அப்பா சேட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

நொத்தாரிசு வயதான மனிதர். ஏற்கனவே அடித்துவைத்திருந்த தாளை நீட்டினார். அம்மா அதை என்னிடம் தந்து, “சத்தமாப் படி புள்ள” என்றாள். படித்தேன். மேற்படி காணியைப் பராமரிக்கவும், குத்தகைக்குக் கொடுக்கவும், ஈடு வைக்கவும், விற்கவும்...

“நில்லு. அதென்ன விக்கிறது?”

“வழமையா எல்லாத்திலயும் வாறதுதான் தங்கச்சி. ஒரு அவசரத்துக்கு உதவும்” என்றார் நொத்தாரிசு.

“அவசரத்துக்கு விக்க எங்களுக்கு வேறொண்டும் இல்ல ஐயா. அதுதான் கேக்கன்.”

அப்பாவின் முகம் சுருங்கியது. “நான் வித்துப்போட்டு எங்க ஓடப்போறன்?”

“நீங்க ஓடமாட்டீங்க. உங்கட தங்கச்சி வந்து நிண்டு அழுதா?”

அப்பாவின் தங்கையான என் மாமிக்குச் சுனாமியில் புருசனும் வீடும் போயின. கலியாண வயதில் ஒரு மகள். வயலை விற்று ஒரு வீடு கட்டித்தா, மெல்ல மெல்ல அடைத்துவிடுகிறேன் என்று மாமி ஏற்கனவே கேட்டிருந்தார். தமையனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? மாமியைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எனக்கென்று இருந்த வீட்டையும் அதே கடல்தான் கொண்டுபோனது. எனக்கும் தங்கச்சிக்கும் மிச்சம் அந்த வயல் மட்டும்தான். எனக்குச் சீதனமே வேண்டாம் என்று ஒருநாள் நான் வீரம் பேசியபோது, “வேணாமெண்டு சொல்லவும் கையில ஒண்டு இரிக்கோணும்” என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

“அப்ப என்ட பேரில எழுதுங்க, நான் பாத்துக்கொள்ளுறன்” என்று நடுவில் புகுந்தேன்.

“கம்பஸ் கிடைச்சா நீ ஓடிருவாய். மறுகா வெள்ளாமய ஆர் பாக்கிற, உன்ட சேர்டிபிக்கட்டா?” என்றாள் அம்மா.

நொத்தாரிசுகூடச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். தெருவைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து, “ஐயா, அந்த விக்கிற சங்கதிய எடுத்துப்போடுங்க. ஈடு வைக்கிறதையும்” என்றார்.

“கோவமா?” என்றாள் அம்மா.

“கோவமில்ல. கையில அது இரிந்தா அவளுக்கு இல்லையெண்டு என்னால சொல்ல ஏலாது. கையில இல்லாட்டி, இல்லையெண்டு சொல்லலாம்.”

தாளைத் திரும்ப அடிக்க வேண்டும் என்று கந்தோர்ப் பொடியன் முணுமுணுத்தான். காற்றாடி ஓடவில்லை. காத்திருந்து களைத்துப்போனோம். புதுத்தாளில் ‘விளைச்சலை விற்கவும்’ என்று நான் படித்தபோது அம்மா மறுபடி நிமிர்ந்தாள். நெல்லை விற்பதைத்தான் சொல்கிறது என்று அப்பாவும் நானும் சேர்ந்து விளங்கப்படுத்தினோம். பிறகுதான் கையெழுத்து வைத்தாள். அதற்கடுத்த கிழமை பயணம்.

விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடித்த நேரம் மாமி வந்தார். மகளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கிறதாம், வீடு கேட்கிறார்களாம்.

“விக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல புள்ள. கடதாசியில அது இல்ல” என்றார் அப்பா. தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் முழுவதையும் படித்தேன்.

மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மச்சாள் கெட்டிக்காரிதான். போகக்குள்ளயே உன்னக் கட்டிவெச்சிட்டுத்தான் போயிரிக்கா” என்றார்.

அப்பா அதோடு விட்டிருக்கலாம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ இல்ல. நான்தான் எடுக்கச் சொன்ன.”

“ஏண்ணே?”

“நீ அழுதா நான் குடுத்திருவன். எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளையள் இரிக்கு.”

மாமி அழவில்லை. அழுது தீர்ந்த முகம் அது. நான் போட்டுக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “அப்ப வெட்டினா நெல்லாவது தருவியா?” என்று கேட்டார்.

“தருவன். அதுக்கு அதிகாரம் இரிக்கு.”

அறுவடையானதும் அப்பா நெல்மூட்டைகளைப் பாதையில் ஏற்றினார். வாவி கடக்கிற தெப்பத்தை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். இக்கரைக்கு வந்ததும் நேரே மாமியின் கொட்டிலுக்குப் போய்ப் பாதி மூட்டைகளை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மாமியின் மகளுக்கு அந்த இடம் சரிவரவில்லை. அதை என்னிடம் அப்பா சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

அம்மா குவைத்திலிருந்து கோல் எடுத்தபோது எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னேன். மூட்டைக் கணக்கை அவள் கேட்கவில்லை.

“வயல் கிடக்குத்தானே?”

“ஓம் அம்மா.”

“அப்ப சரி. அப்பாவக் கொஞ்சம் நிம்மதியாப் படுக்கச் சொல்லு” என்றாள்.