மூன்றாவது கோடு, ஒரு விரல் கோணல்

12-7-1994 — 10
3-2-1998 — 15
19-11-2001 — 15
8-6-2006 — 40
28-10-2011 — 75

இவை என் மாப்பிள்ளை வேலையில் சேர்ந்த நாள்முதல் கட்டிய அபராதங்கள். தார்ச் சாலைகளில் வெள்ளைக் கோடு போடுவது அவர் வேலை. கோடு கோணினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். முதல் நான்கு கோணல்களுக்கும் காரணம் முறையே தூறல், தும்மல், ஒரு நாய், அந்த நாயின் குட்டி. ஐந்தாவதுக்குக் காரணம் என் பேத்தி.

கிழித்த கோட்டைத் தாண்டாத மாப்பிள்ளை கிடைத்தார் என்று உறவுக்காரர்கள் எனக்குக் கைகொடுத்தார்கள். அது எவ்வளவு உண்மை என்று பிறகுதான் தெரிந்தது. சமையலறை வாசலில் தரையின் நிறம் மாறுகிற இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கல்யாணத்தன்று புகைப்படக்காரர், "கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நில்லுங்க" என்றதற்கு, "எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டார். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பேத்திக்குத் தெருவில் கிளி என்று பேர். கிளித்தட்டு ஆட்டத்தில் அவள்தான் எப்போதும் கிளி. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தரையில் நீளமாக ஒரு கட்டம். குறுக்கே ஐந்து கோடு, நடுவே நெடுக ஒரு கோடு. குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் காவல். கிளிக்கு மட்டும் நடுக்கோட்டிலும் ஓட உரிமை உண்டு. எதிரணி ஒருவர் கையிலும் அகப்படாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பினால் ஒரு உப்பு, அதாவது ஒரு புள்ளி. கோட்டை விட்டுக் காலை எடுத்துத் தொட்டால் செல்லாது. ஆகவே சண்டை முழுவதும் கோட்டைப் பற்றித்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் கரித்துண்டால் கோடு போடுவார்கள். யாராவது ஒருவர் வாசல் கழுவுவார். கோடு போய்விடும், சண்டை மட்டும் நிற்கும்.

"உன் கால் வெளிய இருந்துச்சுடி!"

"கோடே இல்ல, அப்புறம் ஏதுடா வெளிய?"

ஒருநாள் கிளி அழுதுகொண்டே வந்து அப்பா முன்னால் நின்றாள். "ஊருக்கெல்லாம் கோடு போடுறீங்க. எனக்கு ஒண்ணு போட மாட்டீங்களா?"

மாப்பிள்ளை அன்று சாப்பிடவில்லை. அலுவலகப் பெயின்ட்டைச் சொந்த வேலைக்குத் தொட்டால் வேலை போய்விடும். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சீருடை போட்டுக்கொண்டு, சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு, தள்ளுவண்டியோடு தெருவில் இறங்கிவிட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சீருடைக்கு அத்தனை மரியாதை. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தம் காரைத் தாமே நகர்த்தி வழிவிட்டார். மூன்றாவது கோடு போடும்போது கிளி சந்தோஷத்தில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

பெயின்ட் காய்ந்தது. மருந்துக்கடைக்காரர் காரைத் திருப்பிக் கொண்டுவந்து முதல் கட்டத்துக்குள் அழகாக நிறுத்தினார்.

"ரொம்ப நன்றி தம்பி. வண்டி நிறுத்த இடம் ஒதுக்கித் தாங்கன்னு எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தோம்!"

பொழுது சாய்வதற்குள் கட்டத்துக்கு ஒரு வண்டி நின்றது. தம் சொந்தக்காரருக்கு வேண்டுமென்று ஒருவர் நாற்காலி போட்டு இடம் பிடித்தார். பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஆட்டம் போகும். கிளி அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"தாத்தா, அந்தச் செம்பை இப்பிடித் தள்ளச் சொல்லுங்க, உங்க மாப்பிள்ளைய."

மாப்பிள்ளை தள்ளினார். பிறகு என்னிடம் மெதுவாக, "மாமா, எல்லாம் இன்னொரு கோட்டுல சரியாயிடும்" என்றார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. பட்டது போதும்."

கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, கட்டத்தின் ஓரமாக மஞ்சளில் வளைந்து வளைந்து ஒரு கோடு. வண்டி நிறுத்தக் கூடாது என்று அர்த்தமாம். திங்கட்கிழமை காலை அந்த மஞ்சள் கோட்டின்மேல் ஆறு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். முதலில் நின்ற அம்மாவிடம் கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்புங்க."

"இங்க பஸ் வராதே அம்மா."

"அப்புறம் எதுக்குங்க கோடு போட்டிருக்காங்க?"

மூன்றாம் நாள் பஸ்ஸே வந்துவிட்டது. ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "தினமும் முக்குல திரும்பும்போது பாக்குறேன். இத்தனை பேர் நிக்கிறாங்க, எப்படிங்க விட்டுட்டுப் போறது?" என்றவர், கட்டத்துக்குள் நின்ற கார்களைப் பார்த்து விடாமல் ஹாரன் அடித்தார். மருந்துக்கடைக்காரர் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் எல்லா வண்டியும் பழைய இடத்துக்கே போய்விட்டன.

பஸ் மணிக்கு ஒன்று. நடுவில் கட்டம் காலி. பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சும்மா நிற்பார்களா? கோட்டுக்கு ஒரு நடுவர் கிடைத்துவிட்டார். "நான் பாத்தேன், கால் கோட்டுமேலதான்" என்று வாதாடியதில் பஸ்ஸை விட்டவர்களும் உண்டு. கிளி நேரடியாகவே அப்பாவிடம் செம்பைக் கேட்டாள்.

மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தைப் பஸ் பிடுங்கிக்கொண்டது என்று எழுதிப் போட்டார். கோடு போடும் அலுவலகத்தில் அப்படியொரு இடமே கணக்கில் இல்லை. விசாரிக்க மேலதிகாரி வந்தார். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க அவர் கூட்டிவந்த ஆள் யார் என்கிறீர்கள்? என் மாப்பிள்ளைதான்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அதிகாரி அளந்துகொண்டே குறுக்கே போனார். கிளி ஓடிவந்து அவர் முதுகில் தட்டினாள். "அவுட்!"

"யாரு அவுட்? உன் கால் கோட்டுல இல்ல பாப்பா."

"இருந்துச்சு!" என்றது பஸ் வரிசை முழுவதும்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இந்த மூணாவது கோடு நேரா இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்" என்றார் வரிசையில் ஒரு பெரியவர்.

மாப்பிள்ளைக்குப் பொய் வராது. "ஐயா சொல்றது சரிதாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். "அது ஒரு விரல் கோணல். பாப்பா கழுத்துல தொங்குனா."

அதிகாரி நாடாவைச் சுருட்டினார், மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார், வண்டியேறினார்.

அதன்பிறகு மாப்பிள்ளை சரியாகத் தூங்கவில்லை. "வேலை போயிட்டா என்னங்க, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போங்க" என்று என் மகள் தைரியம் சொன்னாள். "சுவத்துல கோடே கிடையாதே" என்று அவர் இன்னும் சோர்ந்துபோனார். கிளி, "எல்லாத்தையும் நானே அழிச்சிடறேன்ப்பா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணிநேரம் தேய்த்தாள். கோடு இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் நிற்க, நான்தான் படித்தேன். மேற்படித் தெருவில் காணப்படும் கோடுகள் இவ்வலுவலக ஊழியரால், இவ்வலுவலகச் சீருடையில், இவ்வலுவலகப் பெயின்ட்டால் போடப்பட்டவை. ஆகவே அவை இவ்வலுவலகக் கோடுகளே. கணக்கில் ஏற்றப்பட்டன. ஆண்டுதோறும் அதே ஊழியர் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது கோட்டின் கோணலுக்கு அபராதம் எழுபத்தைந்து.

"கோணல நிமித்தச் சொல்லலையே மாமா?" என்று மாப்பிள்ளை கவலையோடு கேட்டார். கிளி அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். நான் கடிதத்தின் மூலையில் தேதியைக் குறித்தேன்: 28-10-2011.